அன்னமயிலில் வீக்கம் குறைந்த விதம்

ஜூன் 3, திங்கள்

ஆய்வு இன்றைக்கு ஆரம்பமாகிவிட்டது. ஆரம்பிக்கும்போதே எரிச்சல்.

நான் கேட்டது உப்பளம். வெயிலில் நிற்கும் பெண்களின் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் ரெங்கநாயகி மேடம், "அங்கெல்லாம் யார் அனுமதி வாங்கறது சிந்துஜா?" என்று கேட்டுவிட்டு, இந்த ஜவுளிக்கடையைக் கை காட்டினார். அன்னமயில் ஜவுளி மாளிகை, திருநெல்வேலி, ஐந்து மாடி, முழுக்கக் கண்ணாடி. கடையின் சின்ன முதலாளி, மேடத்தின் நலவாழ்வுச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டு உருகிப் போனாராம்.

யோகா, இயற்கை மருத்துவத்தில் மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு ஆசனம், மூச்சுப் பயிற்சி, எண்ணெய்த் தேய்ப்பு, உணவு மாற்றம் எல்லாம் சேர்த்துப் பத்து வாரம் கொடுத்தால் கால் வீக்கம் குறைகிறதா என்பதுதான் என் ஆய்வு. இது தேறினால்தான் பட்டம்.

புடவைத் தளத்தில் நாற்பது பெண்கள். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை வரை நிற்கிறார்கள். சுவரில் சாயக்கூடக் கூடாது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே வந்தாயிற்றே என்று தள மேலாளர் தவசிமணி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அதெல்லாம் வாங்கியாச்சு டாக்டரம்மா. வாங்க காட்டுதேன்."

குடோனில் ஸ்டூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை நிற்கின்றன. மேலே போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"கஸ்டமர் படியேறி வரும்போ இவ ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? ஆபீசர் வாற அன்னைக்கு எடுத்துப் போட்டுருவோம்."

இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். எனக்குத்தான் காது சிவந்தது.

ஜூன் 5, புதன்

முதல் அளவு எடுத்தேன். காலையில் கடை திறக்கும் முன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வீக்கம். என் அளவு நாடாவை விடுதியிலேயே மறந்துவிட்டு வந்ததால் ஜாக்கெட் பிரிவில் இஞ்ச் டேப் இரவல் வாங்கினேன்.

"கால் அளவுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியளா டாக்டரம்மா?" என்று ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது. கேட்டவள் செல்லக்கனி. காட்டன் கவுண்டரில் மூத்தவள், நாற்பதை நெருங்கும் வயது, திசையன்விளைப் பக்கம் ஊர். கணவன் எங்கேயோ. இரண்டு பெண் பிள்ளைகள் அம்மா வீட்டில் இருந்து படிக்கிறார்கள். இவள் கடையின் மேல்மாடி விடுதியில் தங்கி மாதத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்க்கிறாள். வாய் ஓயாது. ஆனால் அவள் முறை வந்தபோது, "எனக்கி நாளைக்கி பாப்போம், கஸ்டமர் நிக்காவ" என்று நழுவிவிட்டாள்.

கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும், அசையாமல் நின்றால் கீழேயே தேங்கிவிடும், ரத்தக் குழாய்க்குள் இருக்கும் சின்னக் கதவுகள் அந்தப் பாரத்தில் பழுதாகிவிடும் என்று எல்லாருக்கும் விளக்கினேன்.

"அப்போ நடந்துட்டே இருந்தா?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"நடந்தா ரொம்ப நல்லது."

"கவுண்டர விட்டு நவுந்தா அண்ணாச்சி வருவாவளே. அதுக்கு என்ன ஆசனம் இருக்கு?"

மறுபடி சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழெட்டுப் பேருக்கு வீக்கம் மோசம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அவர்களைத் தவசிமணிக்குப் பெயர் சொல்லிக் காட்டி, இவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"ரெஸ்ட்டுதான? குடுத்திருவோம்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. ஆளைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்டிவிட்டேனோ.

ஜூன் 12, புதன்

என் விடுதியில் தண்ணீர் இல்லை. துணி ஊறப்போட்டபடியே கிடக்கிறது. மெஸ்ஸில் மூன்றாவது நாளாகப் புடலங்காய்.

ஜூன் 21, வெள்ளி

யோகா தினம். சின்ன முதலாளி வாசலில் பேனர் கட்டிவிட்டார். பெண்களை ஒரு மணி நேரம் முன்னாலேயே மாடிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் வேலையில் சேராது, "அவங்க ஆரோக்கியத்துக்குத்தானே" என்கிறார். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பச்சை டீசர்ட். அதன் முதுகில் கடையின் பெயர்.

சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கும் ஆசனத்தைச் சொல்லிக் கொடுத்தேன். காலில் தேங்கிய ரத்தம் இறங்கும், முதுகு தரையில் படும். இரண்டே நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஒருத்தி குறட்டை விட்டாள். பாவம், தூங்கட்டும் என்று நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். தவசிமணி வரிசையில் நடந்து வந்து, ஒவ்வொருத்தியின் பாதத்தையும் தன் பேனாவால் தட்டி எழுப்பினார். புகைப்படக்காரன் வந்துவிட்டானாம், கண் திறந்திருக்க வேண்டுமாம்.

பேனாவைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். நான் செய்தது, "அண்ணாச்சி, ப்ளீஸ்" என்றது மட்டும்.

சின்ன முதலாளி மைக்கில், "நம்ம அன்னமயில் ஒரு குடும்பம்" என்றார். குடும்பத்தில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

ஜூலை 2, செவ்வாய்

இரண்டாம் அளவு. வீக்கத்தின் சராசரி கணிசமாக இறங்கியிருக்கிறது. மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடத்துக்குப் போன் செய்தால், "பாத்தியா? நான் சொன்னேன்ல!" என்று அவரே ஆசனம் போட்டது போலப் பூரிக்கிறார்.

ஒரே குறை, வருகை. ஏழெட்டுப் பேரைக் காணோம். கேட்டால், "ஊருக்குப் போயிருக்காவ" என்று ஒரே பதில். கோயில் கொடைத் திருவிழா இருக்கும், சடங்கு இருக்கும். இப்படி நடுவில் விட்டுவிட்டுப் போனால் பயிற்சி எப்படிப் பலிக்கும்? தங்கள் உடம்பு என்று ஒரு அக்கறை வேண்டாமா? விரல் வைத்தால் குழி விழும் கால்களை வைத்துக்கொண்டு கொடை பார்க்கப் போயிருக்கிறார்கள்.

புதிதாக இன்னும் மூன்று பேருக்கு வீக்கம் கூடியிருந்தது. தவசிமணியிடம் சொல்லி அவர்களுக்கும் ஓய்வுக்கு ஏற்பாடு செய்தேன். இந்த விஷயத்தில் மனிதர் தங்கம்.

ஜூலை 9, செவ்வாய்

கடை வாசலில் என் படம். "டாக்டர் சிந்துஜாவின் ஆரோக்கியப் பாதையில் அன்னமயில் குடும்பம்." என்னைக் கேட்கவே இல்லை. கோபமாகத்தான் உள்ளே போனேன். படத்தில் முகம் நன்றாக விழுந்திருக்கிறது, அது வேறு விஷயம். அம்மாவுக்கு ஒன்று அனுப்பினேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. தள்ளுபடி. திருநெல்வேலி மாவட்டமே இந்தக் கடைக்குள் வந்துவிட்டது.

மதியப் பயிற்சி ரத்து. சாப்பாட்டுக்கே கால் மணி நேரம்தான். பெண்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுகிறார்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று. தவசிமணியிடம் ஸ்டூல்களை எடுத்துப் போடச் சொன்னேன். "கஸ்டமர் நிக்கவே எடமில்ல, ஸ்டூல எங்க போட?" என்கிறார். சின்ன முதலாளியிடம் போனேன். "ஆடி முடியட்டும் டாக்டர். ஹோலிஸ்டிக்கா ஒரு பிளான் பண்ணலாம்" என்றார். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பேன்.

செல்லக்கனி ஒரு கையில் புடவையும் மறு கையில் மடிப்புமாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். கவுண்டருக்குக் கீழே அவள் கால் மாற்றி மாற்றி நிற்பது தெரிந்தது.

ஜூலை 24, புதன்

ஏமாற்றியிருக்கிறார்கள். என்னை!

புடவைக்கு அடியில் ஓரம் கிழியாமல் இருக்கத் தைக்கும் ஃபால்ஸ் துணி இருக்கிறதே, கையகல நீளப் பட்டி, அது கழிப்பறை மூலையில் சுருண்டு கிடந்தது. அதுவும் ஒரு குவியலாக. எல்லாம் கசங்கி, வேர்வையில் நனைந்திருந்தது. மாலை அளவெடுக்கும்போதுதான் பொறி தட்டியது. ஒருத்தியின் காலில் வளையம் வளையமாகத் தடம். இன்னொருத்திக்கும் அப்படியே. மதியத்திலிருந்து ஃபால்ஸ் துணியைக் காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டு, என்னிடம் வரும் முன்னால் அவிழ்த்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். கால் ஒடுங்கித் தெரிகிறது. நான் சந்தோஷமாகக் குறித்துக்கொள்கிறேன்.

வரிசையை நிறுத்திவிட்டுக் கத்தினேன். இது விளையாட்டா? உங்களுக்காகத்தானே வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறேன்? பொய் அளவை வைத்து நான் என்ன செய்வது? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஞானசெல்வி என்று ஒரு சின்னப் பெண், ஃபேன்சி புடவை கவுண்டர், அழ ஆரம்பித்துவிட்டாள். செல்லக்கனிதான் பேசினாள்.

"ஒங்களுக்குத் தெரியாததா டாக்டரம்மா? நாங்க வயித்துப்பாட்டப் பாக்காண்டாமா?"

வயிற்றுப்பாட்டுக்கும் ஃபால்ஸ் துணிக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரி.

ஜூலை 26, வெள்ளி

செல்லக்கனியை இன்று விடவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசி ஆளாக வந்து, அவசரமாக ஒரு காலை மட்டும் நீட்டிவிட்டு ஓடுகிறவள். "ரெண்டு காலும் காட்டுங்க" என்றேன். வேண்டாம் என்றாள். நானே குனிந்து பாவாடையை விலக்கினேன்.

இடது கணுக்காலுக்கு மேல், உட்பக்கம், தோல் கன்றிக் கறுத்திருக்கிறது. நடுவில் புண். புதுப் புண் இல்லை. மஞ்சளைக் குழைத்து அப்பி, அதன் மேல் துணி வைத்து, அதன் மேல் ஃபால்ஸைச் சுற்றியிருக்கிறாள். ரத்தம் தேங்கித் தேங்கித் தோல் செத்து உடைந்த புண் இது. ஆசனத்தால் ஆறாது. சுத்தமாகக் கட்ட வேண்டும், காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும், அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எத்தனை நாளா இருக்கு?"

"போன தீவாளிக்கு முந்தி."

"ஒரு வருஷமாவா? காலையே எடுக்க வேண்டியதாகிடும், தெரியுமா உங்களுக்கு?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் கிண்டலாகவே பேசினவள் குரலே மாறிப்போய், "ஆடி முடியட்டும் டாக்டரம்மா. சின்னதா எழுதிக்கிடுங்க. ஒங்கள கையெடுத்துக் கும்புடுதேன். பெரியவளுக்கு இந்த வருசம் பன்னெண்டாம் கிளாசு" என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கும் இவள் காலுக்கும் என்ன? பிள்ளை பிள்ளை என்று சொல்லித்தான் நம் பெண்கள் தங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நான் இரக்கப்பட்டு ஏமாறத் தயாராக இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவள் கண் முன்னாலேயே தவசிமணியைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு உடனே ஓய்வு வேணும், இன்னைக்கே" என்றேன்.

தவசிமணி காலைக் குனிந்து பார்த்தார். "அடடா" என்றார். "சரிம்மா, இன்னைக்கே."

செல்லக்கனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் புரிந்துகொள்வாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. மெஸ்ஸில் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் போட்டார்கள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ரசித்துச் சாப்பிட்டேன். கடையில் செல்லக்கனியின் இடத்தில் ஒரு புதுப் பெண் நிற்கிறாள், பதினெட்டு இருக்கும், குச்சிக் கால்கள். செல்லக்கனி ஓய்வில் இருக்கிறாள் என்றார் தவசிமணி. நிம்மதி.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடி முடிந்தது. என் பத்து வாரமும் முடிந்தது. கடைசி அளவு எடுத்தாயிற்று. யாரும் இப்போது துணி சுற்றுவதில்லை, நானே ஒவ்வொரு காலையும் சோதித்தேன். இருந்தும் வீக்கம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. ஆடி மாத நெரிசலில் நின்றும் குறைந்திருக்கிறது! மேடம் இதைச் சென்னை மாநாட்டில் வைக்கலாம் என்கிறார். சின்ன முதலாளி எனக்கு ஒரு பட்டுப்புடவை கொடுத்தார். வேண்டாம் என்றேன். மறுபடி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஆசிரியர் தினத்துக்கு மேடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆரம்பித்தவர்கள் நாற்பது. கடைசியில் நின்றவர்கள் முப்பதுகூட இல்லை. மேடம், "விலகியவங்கன்னு ஒரு வரி போட்டுட்டு விட்டுடு" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விலகினவர்களின் காலும் கால்தானே. ஞானசெல்வியிடம் எண்கள் வாங்கி, ஊரில் போயாவது அளந்துவிடலாம் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

முதலில் எடுத்தவள், ஜூனில் முதல் அளவிலேயே குழி விழுந்த காலோடு இருந்தவள். நான் யார் என்று சொல்லி, காலை அளக்க ஊருக்கு வரலாமா என்று கேட்டேன்.

"இன்னும் என்னத்தம்மா அளக்கணும்? அதான் அனுப்பிட்டியள்ல."

"யாரு அனுப்பினாங்க? ஓய்வுக்குத்தானே..."

"ரெஸ்டு எடுத்துட்டு வா, போன் பண்ணுதோம்னாவ. ரெண்டு மாசமாச்சி. பண்ணவே இல்ல. நேர்ல போனா, கால் வீக்கத்தோட ஒனக்கு இங்க என்ன வேலன்னு கேக்காவ."

போனை வைத்துவிட்டாள். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். அதே கதைதான். ஒருத்தி கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஒருத்தியின் மாமியார் எடுத்து, "நீதானா அந்த டேப்புக்காரி?" என்றாள்.

மதியம் ஞானசெல்வியைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவள் என்னை ஒரு விநோதமாகப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்னுல்லாக்கா நெனைச்சோம். மொத வாரம் நீங்க காட்டுன ஆளயெல்லாம் மறு வாரமே அனுப்பிட்டாவ. வீங்குன கால களையெடுக்கத்தான் கடையில ஆள் வச்சிருக்காவன்னு பேசிக்கிட்டோம். அதான் ஃபால்ஸ சுத்துனோம்."

"யாராவது ஒருத்தர் எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க அண்ணாச்சி கூடவேல்லா வருவிய."

வீக்கம் குறையவில்லை. வீங்கினவர்கள் குறைந்திருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் நின்றவர்கள் என் கணக்கில் இல்லை, மிச்சம் இருந்தவர்கள் ஏற்கெனவே நல்ல கால்காரர்கள். உடலியல் படித்து, மக்கள் நலம் படித்து, புள்ளியியல் படித்து, இந்தக் கழித்தல் கணக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று. சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள் கெஞ்சியது எனக்கு இப்போதுதான் புரிகிறது. இந்தக் கடைக்காரர்கள் எல்லாரையும் நடுத்தெருவில் நிறுத்தி, காலைக் கட்டி, இரவு வரை நிற்க வைக்க வேண்டும். அந்தத் தவசிமணியை முதலில்.

ஆகஸ்ட் 22, வியாழன்

தவசிமணியிடம் கத்தினேன். தளம் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் கோபப்படவில்லை. ஒரு புடவையை நீவி மடித்துக்கொண்டே பேசினார்.

"டாக்டரம்மா, நான் எந்தப் பொம்பளப் பிள்ள கால குனிஞ்சு பாத்திருக்கேன்? எனக்கு எப்பிடித் தெரியும் எவளுக்கு வீங்குது, எவளுக்கு வீங்கலன்னு? நீங்க கை காட்டுனிய. ரெஸ்ட்டு குடுங்கன்னிய. நான் குடுத்தேன்."

"நான் கேட்டது ஓய்வு. வேலையைப் பறிக்கச் சொல்லலை."

"சம்பளத்தோட ரெஸ்ட்டுன்னு சொன்னியளா? ஸ்டூலப் போட்டு ஒக்கார வைன்னு நீங்க என் சட்டையப் புடிச்சியளா? நாளைக்கு ஒருத்தி கவுண்டர்ல விழுந்து வச்சா மொதலாளி என்னய கேப்பாவ. நல்ல வேள, முன்னாலேயே சொல்லி விட்டிய."

சின்ன முதலாளி குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தார். நல்ல முதுகு தாங்கும் நாற்காலி. "ஹெல்த் கிரவுண்ட்ஸ்ல போயிருக்காங்க டாக்டர், நாங்க யாரையும் நீக்கலையே" என்றார். அப்புறம், "உங்க ரிசல்ட்டும் நல்லாத்தானே வந்திருக்கு?" என்றார்.

வெளியே வந்து என் படத்துக்குக் கீழேயே நின்று அழுதேன். தவசிமணி சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதற்காகவே அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னையும்தான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பப்பட்டவர்கள் எல்லாரையும் தோல்வி என்று சேர்த்தே கணக்கெழுதப் போகிறேன் என்றேன். அப்படி எழுதினால் பயிற்சியால் பயன் ஒன்றுமில்லை என்று வரும், சிலருக்குக் கேடு என்றே வரும்.

"உணர்ச்சிவசப்படாத. நிர்வாகம் செஞ்சதுக்கு ஆசனம் என்ன பண்ணும்? நம்ம துறைய ஏற்கெனவே நாலு பேரு கேலி பேசறான். நீயே எடுத்துக் குடுக்கறியா?"

"மேடம், காலை சுவத்துல தூக்கி வெச்சா வீக்கம் இறங்கும், அது உண்மைதான். உக்காந்தாலே இறங்குமே. அந்த ஸ்டூலைத்தான் நாம கேக்கவே இல்லை."

"ஸ்டூல் போடறது மருத்துவமா? அதுக்கு யாரு பட்டம் குடுப்பா?"

என்ன ஒரு கேள்வி. இதைக் கேட்டுவிட்டு அவர் தன் நாற்காலியைத் திருப்பிக் கணினியைப் பார்த்தார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அந்த அறையில் மாணவர்கள் உட்காரும் வழக்கம் இல்லை. இரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது.

உண்மையான கணக்கையே கொடுத்தேன். மேடம் அதை ஏற்கவில்லை. பட்டம் ஆறு மாதம் தள்ளிப் போகும், வேறு தலைப்பு எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. தொழிலாளர் துறைக்கு நான் எழுதிய புகாருக்குப் பலன் கிடைத்தது. அதிகாரி வந்தாராம். ஸ்டூல்களை எடுத்துப் போட்டார்களாம், பெண்களை உட்காரவைத்துப் படம் எடுத்தார்களாம். அவர் ஜீப் திரும்பும் முன்னால் ஸ்டூல்கள் குடோனுக்குத் திரும்பிவிட்டன. ஞானசெல்வி போனில் சொல்லிச் சிரிக்கிறாள். எப்படித்தான் சிரிக்கிறார்களோ. அவள் உட்கார்ந்தது மொத்தம் ஒரு போட்டோ நேரம். வாசலில் என் படம் அப்படியே இருக்கிறதாம். எடுக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

போன் எடுத்தவர்களில் ஆறு பேரை அரசு மருத்துவமனைக்கு வரவழைத்தேன். நான்கு பேர்தான் வந்தார்கள். செல்லக்கனியின் எண் வேலை செய்யவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

செல்லக்கனி வள்ளியூரில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள் என்று ஞானசெல்வி சொன்னாள். காலை பஸ்ஸில் போனேன். தீபாவளி நெருங்கிவிட்டது, தெருவெல்லாம் கூட்டம்.

சின்னக் கடை. ஆனால் பட்டுப் பகுதிக்கு மட்டும் பழைய பாணியில் உயரமான மேடை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்த மெத்தை. செல்லக்கனி அதன் ஓரத்தில் நின்றிருந்தாள். மெலிந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி இறுகியது. கல்லாவில் முதலாளி இருக்கிறார் என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவது போல, "வாங்கக்கா. கல்யாணத்துக்கா, தீவாளிக்கா?" என்றாள்.

"கனியக்கா, நான்..."

"அளக்க வரல்லல்லா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"இல்லக்கா. மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். அன்னைக்கு எனக்குத் தெரியலை. சத்தியமா தெரியலை. நீங்க கெஞ்சினப்பவாவது நான்..."

"அத விடுங்க. மொதல்ல ஒக்காருங்க."

"எப்படிக்கா உக்கார்றது? நீங்க நிக்கறப்போ நான்..."

"ஒக்காருங்கன்னு சொல்லுதேன்லா." அதட்டினாள். மெத்தையில் உட்கார்ந்தேன். உடனே அவளும் எதிரே உட்கார்ந்தாள். உட்காரும்போது அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

"இந்தக் கடையில அப்பிடி. கஸ்டமர் மெத்தையில ஒக்காந்து பாத்தா நாங்களும் ஒக்காந்து காட்டலாம். கஸ்டமர் எந்திரிச்சா எந்திரிச்சிரணும்." ஒரு பட்டை எடுத்து விரித்தாள். "காலைல இருந்து வாறவ எல்லாம் நின்னுட்டே வெல கேட்டுட்டுப் போறாவ. அவசரமில்ல, பைய பாருங்க."

"புண்ணு எப்படி இருக்கு?"

"இந்த மாம்பழக் கலர் பாருங்க. பார்டர் நல்லாருக்கு" என்றாள் கொஞ்சம் சத்தமாக. முதலாளி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற காட்டுங்க" என்றேன்.

வேறு காட்டினாள். அதுவும் பிடிக்கவில்லை என்றேன். அரக்கு, கத்திரிப்பூ, பாசிப்பச்சை, கிளிப்பச்சை. கோடு போட்டது, கட்டம் போட்டது, புட்டா போட்டது. எல்லாவற்றிலும் குறை சொன்னேன். ஒன்றில் ஜரிகை கூடுதல், ஒன்றில் கம்மி. வாழ்க்கையில் இவ்வளவு நொட்டை சொல்லி நான் எதையும் வாங்கியதில்லை. மெத்தையில் புடவைகள் குவிந்தன. அந்தக் குவியலுக்கு அடியில் செல்லக்கனி இடது காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள். மேலே ஒரு புடவையை இழுத்து மூடிவிட்டாள். யாருக்கும் தெரியாது.

மூத்தவள் காலாண்டுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாளாம். நர்சிங் படிக்கணும் என்கிறாளாம். "நிக்கிற வேலதான், என்ன செய்ய" என்று சொல்லிச் சிரித்தாள். முதலாளி எனக்குக் குடிக்கக் கலர் சோடா வரவழைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அவளிடம் தள்ளினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது குடித்தாள்.

மதியம் தாண்டியது. முதலாளியின் பார்வை மாற ஆரம்பித்தது. பின்னால் ஒரு கல்யாண கோஷ்டி இடத்துக்காகக் காத்து நின்றது. எல்லாரும் நின்றபடியே பார்க்கிற கோஷ்டி, பார்த்தாலே தெரிகிறது. இதற்கு மேல் இழுத்தால் பழி அவள் மேல்தான் விழும். முதலில் விரித்த மாம்பழக் கலரையே பில் போடச் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு பாக்கலாமேக்கா" என்றாள் செல்லக்கனி.

முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். நான் எழுந்தேன். அவளும் எழுந்து நின்றாள்.